ஐந்து மணி வரை ஆர்லிஸ்

கம்பெனியைப் பதிவு செய்யும் படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பியாகிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஏஜெண்டின் பெயர், முகவரி.

"ஏஜெண்ட்டா? நாம என்ன சினிமாலயா நடிக்கப் போறோம்?" என்றான் வேட்.

அவன் மனைவி கென்ட்ரா சிரிக்கவில்லை. அவள் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே படித்திருந்தாள். "நம்ம கம்பெனி மேல யாராவது வழக்குப் போட்டா சம்மனை வாங்கிக்க ஒரு ஆள் வேணுமாம். வேலை நேரம் பூரா ஒரே இடத்துல இருக்கணும். அவங்க கையில குடுத்துட்டா நம்ம கையில குடுத்த மாதிரி."

"அதுக்கென்ன, நானே இருக்கேன்."

"நீ எங்க இருப்ப? இடுப்பளவு தண்ணியில நிப்ப. சம்மன் கொண்டார்ற ஷெரீஃப் ஆபீஸ்காரர் நீந்தி வந்தா குடுப்பாரு?"

அவர்களுடைய தொழில் அப்படி. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய வட்டத் தகரத் தொட்டிகளை வாங்கி, உள்ளே சுற்றிலும் பெஞ்சு அடித்து, சீடர் ஆற்றில் மிதக்கவிடுவது. ஆறேழு பேர் ஏறிக்கொள்வார்கள். துடுப்பு இருக்கும், ஆனால் பயன்படாது. வட்டமான எதற்கும் முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. தொட்டி தன்பாட்டில் சுழன்றுகொண்டே போகும். ஒமாஹாவிலிருந்தும் லிங்கனிலிருந்தும் இதற்காகவே ஆட்கள் வருவார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் கடல் இல்லை, மலையும் இல்லை. இது இருக்கிறது.

ஏஜெண்ட் வேலைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கணினி வழியாகச் சேரக்கூடிய பெரிய நிறுவனம். தலைநகரில் ஓர் அலுவலகம் வைத்து ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு அதே வேலையைச் செய்பவர்கள். சம்மன் வந்த கையோடு படமெடுத்து ஃபோனுக்கு அனுப்பிவிடுவார்கள். வேட்டுக்கு அது பிடித்திருந்தது. இன்னொன்று ஆர்லிஸ் குசெரா.

ஆர்லிஸ் ஊர் வங்கியில் காசாளராக இருந்த அம்மாள். வங்கி மூடியதும் அதே தெருவில், இரும்புக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, கையெழுத்துக்குச் சான்று போடுவது, வரிப் படிவம் நிரப்பித் தருவது, சின்னக் கம்பெனிகளுக்கு ஏஜெண்டாக இருப்பது என்று உட்கார்ந்துவிட்டார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்த நாற்காலியை விட்டு நகரமாட்டார். மதியச் சாப்பாடும் மேசையிலேயேதான்.

"பெரிய கம்பெனிக்கு நாம யாருன்னு தெரியுமா? ஆர்லிஸுக்குத் தெரியும். ஏதாச்சும் வந்தா வீட்டுக்கே நடந்து வந்து சொல்லுவாங்க," என்றாள் கென்ட்ரா.

"நடந்து வர்றதுக்குள்ள ஃபோன்ல வந்துடும்ல?"

"ஃபோன் நம்ம பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொல்லுமா?"

வேட் கையை விரித்தான். "சரி தாயே. உன் இஷ்டம்."

அவள்தான் எழுதினாள். ஆர்லிஸ் குசெரா, மெயின் தெரு.

அதன்பிறகு அது வேட்டுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. இரும்புக்கடைக்குப் போகும்போதெல்லாம் தெருவில் நின்று, ஆர்லிஸின் ஜன்னலைப் பார்த்துக் கத்துவான். "ஆர்லிஸ்! இன்னைக்கு எவனாவது நம்ம மேல கேஸ் போட்டானா?"

ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "உன் மூஞ்சிக்குக் கேஸு ஒண்ணுதான் கொறச்சல். போய் வேலையைப் பாரு!"

வருடக்கணக்காக அதே கேள்வி, அதே பதில். இரும்புக்கடைக்காரர் சில நாள் ஆர்லிஸின் பதிலைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

ஒரு ஜூலையில் கிரெய்க் என்ற ஒமாஹாக்காரர், பாலத்தடியில் தொட்டி தூணில் மோதாமல் தள்ளிவிடுவதாக நினைத்துக் கையை நீட்டினார். இரண்டு விரல்கள் நசுங்கின. கையை வெளியே நீட்டக் கூடாது என்று தொட்டியின் உள்பக்கம் சிவப்பில் எழுதியிருந்தது. ஏறும்போது அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். வேட்தான் துண்டைச் சுற்றி, தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அந்த மனிதர், "என் முட்டாள்தனம், என் முட்டாள்தனம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம். மறுவாரம் கென்ட்ரா ஒரு பூங்கொத்து அனுப்பினாள். அவர் நன்றி சொல்லி எழுதியிருந்தார்.

நவம்பரில் வேட்டுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மார்ச் மாதம் வீட்டு வரவேற்பறையில் சோபாவை நகர்த்திவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. ஆற்றோரத்து மரங்களின் உச்சி தெரியும். அவனுக்கு அது போதும் என்றான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை ஆர்லிஸ் வந்தார். ஒரு கையில் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் சுட்ட உணவு, பாத்திரத்தோடு. தோளில் பெரிய பை. கென்ட்ரா பாத்திரத்தை வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டு வருவதற்குள் ஆர்லிஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். பையை மடியில் வைத்து, அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வேட் அன்று முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. ஆர்லிஸின் குரல் கேட்டுத் திறந்தான். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஆர்லிஸ்," என்றான். மூச்சு வாங்கியது. "எவனாவது... நம்ம மேல... கேஸ் போட்டானா?"

ஆர்லிஸ் பையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"உன் மூஞ்சிக்குக் கேஸு ஒண்ணுதான் கொறச்சல்," என்றார்.

வேட் சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கென்ட்ராவும் சிரித்தாள். மிச்சத்தை ஆர்லிஸ் சொல்லாமல் விட்டதை அவள் கவனித்தாள். சாகப்போகிறவனைப் பார்த்துப் 'போய் வேலையைப் பாரு' என்று எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் அதன்பிறகு சிரிக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனவர் ஆர்லிஸ்தான். கென்ட்ராவின் கோப்பையில் ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது. "பரவால்ல ஆர்லிஸ்," என்றாள் கென்ட்ரா. அவரும் அழுதிருக்கிறார் என்று நினைத்தாள். அழுதுதான் இருந்தார்.

மே மாதம் பூராவும் கென்ட்ரா ஆற்றங்கரையிலேயே கிடந்தாள். அந்தக் கரைதான் கம்பெனியின் ஒரே சொத்து. மேலேயும் கீழேயும் மைல் கணக்கில் பண்ணைக்காரர்களின் வேலி. தொட்டியை இறக்கத் தோதான சரிவு அங்கே மட்டும்தான் இருந்தது. வில்லோ புதர்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, சரளை கொட்டி, வேட் தன் கையால் சரிசெய்த சரிவு. கோடைத் தொடக்கத்துக்குள் தொட்டிகளுக்கு வண்ணமடித்து முடிக்க வேண்டும். வண்ணமடிக்கும் நேரத்தில் மட்டும் அவளால் மூச்சுவிட முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஆர்லிஸ் அந்தச் சரளைப் பாதையில் இறங்கி வந்தார். கென்ட்ரா தூரிகையைக் கீழே வைத்தாள். ஆர்லிஸை வேலை நேரத்தில் அறைக்கு வெளியே அவள் பார்த்ததே இல்லை.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

ஆர்லிஸ் நின்றபடியே இரண்டு உறைகளை நீட்டினார். ஒன்று பழையது, மூலை மடங்கியிருந்தது. மற்றது புதிது.

"உக்காந்து படி, கண்ணு."

கென்ட்ரா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். பழைய உறையில் சம்மன். கிரெய்க், அவளுடைய கம்பெனி மேல் போட்ட வழக்கு. பதில் சொல்ல முப்பது நாள். புதிய உறையில் தீர்ப்பு. குறித்த காலத்தில் யாரும் பதில் தராததால், கேட்டதெல்லாம் அவருக்கே. அந்தத் தொகையைக் கட்ட இந்தக் கரையை விற்றால்தான் முடியும்.

முதல் உறையின் தேதியை அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

"இது மார்ச்ல வந்துருக்கு."

"ஆமா."

"மார்ச்ல நீங்க வீட்டுக்கு வந்தீங்க."

"அத குடுக்கத்தான் வந்தேன். பையிலதான் இருந்துச்சு." ஆர்லிஸின் குரல் சீராக இருந்தது. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் போல. "அவன் கேட்டான். நான் என்ன சொல்லட்டும்? ஆமாடா, போட்டுட்டாங்கன்னு சொல்றதா?"

"அவன்கிட்ட சொல்ல வேணாம். என்கிட்ட அடுப்படியில குடுத்திருக்கலாமே."

"குடுத்திருக்கலாம். நீ அன்னைக்குச் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு நின்ன. ஒரு கால்ல உன்னோடது, இன்னொரு கால்ல அவனோடது. அதப் பாத்துட்டுக் குடுக்க மனசு வரல."

"அப்புறம்? சாவு முடிஞ்சு இத்தனை நாள்?"

"உங்க வீட்டுக்கு வந்த மறுநாள் காலைல அந்த ஒமாஹாக்காரரோட வக்கீல் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணேன் கண்ணு. ஒரு பொண்ணு எடுத்துச்சு. இந்த மாதிரி, கம்பெனிக்காரன் சாகக் கெடக்கான், குடும்பம் கொஞ்சம் தேறட்டும்னு சொன்னேன். ரொம்ப வருத்தமா இருக்குங்க, எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்கன்னுச்சு. அவ்வளவு அன்பா சொல்லுச்சு." ஆர்லிஸ் ஆற்றைப் பார்த்தார். "அது வாக்குன்னு நெனச்சுட்டேன்."

கென்ட்ராவுக்குப் புரிந்தது. இந்த ஊரில் அது வாக்குதான். வைக்கோல் விலை பேசுவதும் வேலியை நகர்த்துவதும் இங்கே ஃபோனில் முடிகிற காரியம். யாரும் எழுதி வாங்குவதில்லை. ஆர்லிஸ் வாழ்நாள் முழுக்க இந்த ஊர்க்காரர்களோடு பேசியவர். அந்தப் பெண் ஃபோனை எடுப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். யார் என்ன துக்கம் சொன்னாலும் அவள் அதைத்தான் சொல்வாள்.

புரிந்தது என்பதால் எதுவும் குறையவில்லை.

"போங்க ஆர்லிஸ்," என்றாள். "இப்ப போயிடுங்க."

தொழிலுக்கென்று அவர்கள் காப்பீடு எடுத்திருந்த கம்பெனி கையை விரித்தது. வழக்கைப் பற்றி உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை, ஆகவே பொறுப்பில்லை. கென்ட்ராவின் வக்கீல் டெனிஸ் ஓர்த், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ஏஜெண்டுக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்ததாகத்தான் அர்த்தம் என்றார். அதற்காகத்தானே ஏஜெண்ட் என்று ஒருவரை வைக்கிறோம் என்றார். கென்ட்ராவின் இழப்புக்கு அனுதாபம் தெரிவித்தார். மனுவைத் தள்ளினார்.

நீதிமன்றத்துப் படியில் நின்றபடி டெனிஸ் சொன்னாள். "ஒரு வழிதான் இருக்கு. உனக்குப் பிடிக்காது."

"சொல்லு."

"ஆர்லிஸ் மேல வழக்குப் போடணும். தொழில்ல தப்பு நடந்தா ஈடு குடுக்கறதுக்குன்னு அவங்ககிட்ட காப்பீடு இருக்கும். கரைக்கு ஆகற பணம் அதுலேர்ந்து வரும். ஆனா அதோட அவங்க கடை முடிஞ்சுது. வேற எவனும் அவங்களுக்குக் காப்பீடு குடுக்க மாட்டான்."

"நான் மாட்டேன்."

"யோசி."

"வேட் கடைசியா சிரிச்சது அவங்க சொன்னதுக்கு. அந்தச் சிரிப்புக்கா நான் நோட்டீஸ் அனுப்புறது?"

டெனிஸ் காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். அவளும் அந்த ஊரில் வளர்ந்தவள்தான்.

விஷயம் ஊரில் பரவியது. யாரும் ஆர்லிஸை எதுவும் சொல்லவில்லை. சர்ச்சில் முன்போலவே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒவ்வொருவராகத் தங்கள் கம்பெனியின் ஏஜெண்டை மாற்றிக்கொண்டார்கள். கணினி வழியே மாற்றுவது சுலபம், நேரில் முகம் பார்க்க வேண்டியதில்லை. இரும்புக்கடைக்காரர் ஒருவர்தான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு மாற்றினார். வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

அந்தக் கோடையில் கென்ட்ரா தொட்டிகளை ஆற்றில் விட்டாள். ஆட்கள் வந்தார்கள், சிரித்தார்கள், சுழன்றார்கள். ஒவ்வொரு தடவை தொட்டியைத் தள்ளிவிடும்போதும் குளிர்ந்த சரளை காலடியில் நகர்ந்தது. அடுத்த வருடம் இது யாருடையதோ என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆர்லிஸின் ஜன்னல் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில் கரையை ஏலம் விட நாள் குறித்துத் தகவல் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கோடையில் முதல் தடவையாக மெயின் தெருவுக்கு நடந்தாள். ஏன் போகிறோம் என்று தெரியவில்லை. கத்துவதற்காகக்கூட இருக்கலாம்.

ஆர்லிஸ் நாற்காலியில் இருந்தார். மேசை துடைத்துவைத்தது போல இருந்தது. ஒரு காகிதம்கூட இல்லை. ஒரு ஆப்பிளைத் துண்டு போட்டு, கைக்குட்டையின் மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்றையும் தின்றிருக்கவில்லை.

"ஒருத்தர்கூட இல்லாம இங்க எதுக்கு உக்காந்துருக்கீங்க?" என்றாள் கென்ட்ரா.

"ஒருத்தர் வரணும். அதுக்குத்தான்."

"யாரு?"

"ஷெரீஃப் ஆபீஸ் டுவேன். நீ என் மேல போடப்போற கேஸோட சம்மனைக் கொண்டாருவான்ல."

கென்ட்ரா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கம்பெனிக்கு ஏஜெண்டு யாருன்னு நெனக்கற? நாந்தான்," என்றார் ஆர்லிஸ். "நான் இங்க இல்லேன்னா கதவைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவான், உனக்கு நாள் தள்ளிப் போகும். ஜூன்லேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன் கண்ணு. நீ நல்ல பொண்ணுன்னு தெரியும். இவ்வளவு நல்லவளா இருக்காத."

"உங்க மேல எப்படிப் போடறது? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா? ஊரு என்னை விட்டுட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. சத்தமில்லாம போனாங்க, மரியாதையா." ஆப்பிள் துண்டு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். "வேட் அந்தச் சரிவுல வேர் புடுங்கினப்ப முதுகு புடிச்சுக்கிட்டு இங்க வந்து நின்னான். அந்த நாற்காலியிலதான் உக்காந்தான். கரையை நீ விட்டுட்டா, அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்? அவன்கிட்ட சொன்ன பொய்யி மட்டும்தான்."

கென்ட்ரா ஆப்பிளை எடுத்தாள். காற்றுப் பட்டுப் பழுப்பேறியிருந்தது. தின்றாள்.

"நீங்க அத பொய்னு நெனக்கறீங்களா?"

"பொய்தான். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனா அடுப்படிக்கு வந்து உன் கையில குடுத்துருப்பேன்." நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "டெனிஸ்கிட்ட சொல்லு. தினமும் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்னு."

வழக்கு மறுநாள் பதிவானது.

அடுத்த திங்கட்கிழமை டுவேன் ஆற்றங்கரைக்கு வந்தான். ஷெரீஃப் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், கென்ட்ராவோடு பள்ளியில் படித்தவன். வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தான்.

"குடுத்துட்டேன்," என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"எந்திரிச்சு நின்னு வாங்கினாங்க. நல்ல உடுப்பு போட்டுருந்தாங்க, சர்ச்சுக்குப் போற மாதிரி. கடிகாரத்தைப் பாத்து உறை மேலயே மணி எழுதினாங்க. 'இத இன்னைக்கே காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பிடணும், இல்ல?'ன்னு என்னையே கேட்டாங்க. ஆமான்னேன்." டுவேன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்புறம் நீ ஒழுங்கா சாப்புடறியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சாப்புடறான்னேன். சாப்புடற தானே?"

அவள் வீட்டுக்கு மெயின் தெரு வழியாகவே ஓட்டிப் போனாள். ஐந்து ஆக இன்னும் நேரமிருந்தது. ஆர்லிஸின் ஜன்னலில் திரை இறங்கியிருந்தது.

காப்பீட்டுக்காரர்கள் அதிகம் இழுக்கவில்லை. ஆர்லிஸ் எதையும் மறுக்கவில்லை, மறுக்க விடவும் இல்லை. இலை உதிரும் முன்பு கிரெய்க்குக்குப் பணம் போனது, ஏலம் நின்றது. கரை கம்பெனியின் பெயரிலேயே இருந்தது. ஆர்லிஸ் அறையைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்கு, கொலராடோவுக்குப் போய்விட்டார். போகும் முன் கென்ட்ராவின் வாசலில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். அழைப்புமணியை அடிக்கவில்லை. பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது.

கம்பெனிக்கு ஏஜெண்ட் இல்லாமல் இருக்க முடியாது. கென்ட்ரா அந்தப் பெரிய நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல். கம்பெனியின் பெயர், முகவரி, உரிமையாளர்கள்.

"உரிமையாளர் ரெண்டு பேர்னு இருக்குங்க. வேட் வெர்ப்கா, கென்ட்ரா வெர்ப்கா. ரெண்டு பேரையும் அப்படியே வெச்சுக்கலாமா?"

கென்ட்ரா தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே ஆற்றோரத்து மரங்கள் மொட்டையாக நின்றன. கட்டில் போட்டிருந்த இடத்தில், அதன் கால்கள் பதிந்த தடங்கள் கம்பளத்தில் இன்னும் பள்ளமாகவே இருந்தன.

"என் வீட்டுக்காரர்..." என்றாள். "அவர் இப்ப இல்ல."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றது குரல். "ஒண்ணும் அவசரமில்ல. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்க."

கென்ட்ரா ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் அந்தப் பெண் காத்திருந்தாள். அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. உண்மையான வருத்தம் போலவே இருந்தது.